மஞ்சளை உடைக்கிறோம், தலைப்பை உடைக்கிறோமா?

மஞ்சள் மணக்கும் ஈரோட்டு மண்ணில், மாலை வெயில் தாழும் இந்த இனிய வேளையில், மண்டபம் நிறைந்து மனம் நிறைந்து அமர்ந்திருக்கும் பெருமக்களே!

கழுத்து நிறைய மாலையும் முகம் நிறைய வியர்வையுமாக, ஆனாலும் புன்னகை மாறாமல் தலைமை இருக்கையை அலங்கரிக்கும், மஞ்சள் வணிகர் குடும்ப விழாவின் தலைவர் சீனிவாசலு ஐயா அவர்களே! ஏர் பிடித்த கையாலும் எடை போட்ட கையாலும் இந்த ஊரை வளர்த்துவிட்டு, இன்று அந்தக் கைகளைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் கையில் கைப்பேசியுமாக, இரண்டில் எதைப் பார்ப்பது என்று தவிக்கிற தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் தூணில் சாய்ந்து நின்றால்தான் அழகு என்று நிற்கிற இளைஞர்களே! கொதிக்கிற சாம்பாரின் மணத்தால் இந்தக் கூட்டத்தைக் கலையவிடாமல் கட்டிக் காக்கும் சமையற்கட்டுக் கலைஞர்களே! உங்கள் அனைவருக்கும், கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டில் பிறந்து, ஈரோட்டுக்கு மருமகளாக வந்து, மண்டிக்குப் போகிற சாலையில் மருந்துக்கடை நடத்தி வருகிற இந்த மிஸ்பாவின் பணிவான வணக்கம்.

இன்னும் ஒருவரைத் தனியாக வணங்காமல் போனால் இரவு எனக்குச் சோறு கிடைக்காது. என் மாமியார் பாத்திமுத்து அவர்கள். அதோ, இரண்டாவது வரிசை. தினமும் நான் கண் விழிப்பதற்குள் என் கைப்பேசிக்கு ஒரு மருத்துவச் செய்தி வந்து சேர்ந்திருக்கும். அனுப்பியவர் பக்கத்து அறையில்தான் இருப்பார். ஒரு நாள் தக்காளி புற்றுநோயைத் தடுக்கும். மறுநாள் தக்காளியால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. "மாமி, இன்னைக்கு ரசம் வெக்கறதா வேண்டாமா?" என்று கேட்டால், "நேத்து அனுப்புனதப் பாத்து வெய்யி கண்ணு. இன்னைக்கு அனுப்புனது ஊருக்கு" என்பார். பாருங்கள், அவரே சிரிக்கிறார். இனி நீங்களும் தைரியமாகச் சிரிக்கலாம்.

எத்தனை தலைப்புகள்! எத்தனை திடுக்கிடல்கள்! காபி இதயத்தைக் காக்கும் என்கிறது காலைத் தலைப்பு. காபி இதயத்தைத் தாக்கும் என்கிறது மாலைத் தலைப்பு. காக்குமா, தாக்குமா என்று நாம் கலங்கி நிற்பதற்குள் ஆறிப்போவது கையில் இருக்கும் காபிதான்.

என்னங்கண்ணா? அப்ப காபி குடிக்கலாமா வேண்டாமான்னு கேக்கறீங்களா? தாராளமாக் குடிங்க. அதுல போடற சக்கரைய மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க.

பெருமக்களே! நான் அறிவியலுக்கு எதிரி இல்லை. அறிவியலை விற்றுத்தான் என் அடுப்பு எரிகிறது. பத்திரிகைக்கும் நான் பகையில்லை. காலையில் பேப்பர் வரக் கொஞ்சம் தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிற ஆள் நான். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான், அதை உங்கள் மண்டியில் இருந்தே எடுத்து உங்களிடமே கேட்கப் போகிறேன்.

மண்டியில் மூட்டைகளுக்கு முன்னால் மாதிரியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மெருகு போட்ட மஞ்சள், பளபளவென்று மின்னுகிறது. அந்த மெருகை மட்டும் பார்த்து விலை சொல்கிற வியாபாரி இந்த மண்டபத்தில் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒரு கைகூட எழவில்லை! பிறகு என்ன செய்வீர்கள்? ஒரு மஞ்சளை எடுப்பீர்கள். இரண்டாக உடைப்பீர்கள். உள்நிறம் எப்படி, ஈரம் இருக்கிறதா, பூச்சி துளைத்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அதோடு விடுவீர்களா? மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் விட்டு, அடியில் இருந்து இன்னொன்றை எடுத்து அதையும் உடைப்பீர்கள். விற்பவர் சொந்த மச்சானாக இருந்தாலும் உடைப்பீர்கள். உடைத்துப் பார்த்துவிட்டான் என்று எந்த மச்சானும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை. என்ன அருமையான வழக்கம்! சந்தேகத்தைச் சண்டையாக்காமல், மரியாதையோடு கேட்டு, மரியாதையோடு பதில் சொல்கிற வழக்கம். ஆராய்ச்சிக்கூடங்களில் நடப்பதும் இதுதான். ஒருவர் கண்டதை இன்னொருவர் உடைத்துப் பார்க்கிறார். உடைத்தும் நிறம் மாறாமல் இருந்தால்தான் அதற்குப் பெயர் அறிவியல்.

சரி, மஞ்சளை உடைக்கிறோம். மஞ்சளைப் பற்றி வந்த செய்தியை உடைக்கிறோமா?

ஒரு சின்ன விளையாட்டு விளையாடிப் பார்ப்போம். சோமனூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் போயிருப்பீர்கள். வீதிக்கு வீதி விசைத்தறிக் கூடம், கூடத்துக்குக் கூடம் டீக்கடை. தறி ஓட்டுகிறவர்கள் டீ குடித்துக்கொண்டே இருப்பார்கள். காலம் முழுவதும் தறிச் சத்தத்தில் நின்றதால் பலருக்குக் காது மந்தம். இப்போது வெளியூரில் இருந்து ஒரு புத்திசாலி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எத்தனை டீ குடிக்கிறார்கள், யாருக்குக் காது கேட்கவில்லை என்று கணக்கெடுக்கிறார். டீ அதிகம் குடிப்பவர்களுக்கே காது அதிகம் மந்தம்! கணக்கில் பிழை இல்லை. மறுநாள் தலைப்பு என்ன வரும்? "டீ குடித்தால் காது செவிடாகும்: அதிர்ச்சித் தகவல்!" தறி ஓடுகிற சத்தம் ஊருக்கே கேட்கிறது, அந்தத் தலைப்புக்கு மட்டும் கேட்கவில்லை. சிரிக்கிறோம். ஏன் சிரிக்கிறோம்? சோமனூர் நமக்குத் தெரியும். தெரியாத ஊரைப் பற்றி இதே போல் ஒரு தலைப்பு வரும்போது சிரிக்கிறோமா, அல்லது டீயை நிறுத்துகிறோமா?

டீயை நிறுத்தினால் பாதகமில்லை. மாத்திரையை நிறுத்தினால்?

இங்கேதான் கந்தப்ப அண்ணனின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயரை மறைத்துச் சொல்லட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "பேரச் சொல்லியே பேசுங்க அம்மணி. பேரில்லாமச் சொன்னா அதுவும் ஒரு பார்வர்டு மெசேஜாட்டப் போயிரும்" என்றார். எவ்வளவு பெரிய மனசு! ஆகவே பெயரைச் சொல்லியே பேசுகிறேன்.

கந்தப்ப அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் விளைவிக்கிறவர், மண்டியில் வாங்கி விற்கிறவர். மஞ்சள் உடைகிற சத்தத்தை வைத்தே எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பல வருடங்களாகச் சர்க்கரை நோய். மாத்திரை என் கடையில்தான் வாங்குவார்.

ஒரு தை மாதம், காலையில் கடை திறந்ததும் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கைப்பேசியை நீட்டினார். "சர்க்கரை நோய்க்குச் சமாதி கட்டியது மஞ்சள்! விஞ்ஞானிகள் வியப்பு!" என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு.

"பாத்தீங்களா அம்மணி? இத்தன நாளா வைத்தியத்தக் களத்துல கொட்டிக் காய வெச்சுப்போட்டு உங்க கடையில வந்து நின்னுட்டிருந்திருக்கறேன்."

"நல்லதுங்கண்ணா. ஆனா மாத்திரைய நிறுத்தறதுக்கு முன்னாடி டாக்டர ஒரு வார்த்த கேட்டுப்போடுங்க."

"ஏனுங்க, மஞ்சளப் பத்தி எனக்குத் தெரியுமா, டாக்டருக்குத் தெரியுமா?"

"மஞ்சளப் பத்தி உங்களுக்குத் தெரியும். சக்கரையப் பத்தி அவருக்குத் தெரியுமுங்கண்ணா."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குக் கோபம்தான். ஆனால் அவருடைய பெருமையும் புரிந்தது. வாழ்நாள் முழுக்கத் தன் கையில் புழங்கிய பொருளை உலகமே கொண்டாடுகிறது என்று கேட்டால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? பொய்யான தலைப்புகளில் பாதி நம் பயத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகின்றன. மீதிப் பாதி நம் பெருமையைப் பிடித்துக்கொண்டு வருகின்றன.

அன்று முதல் காலையில் வெந்நீரில் மஞ்சள்தூள். மாத்திரைக்கு விடுமுறை.

அறுவடை வந்தது. மஞ்சள் வேக வைக்கிற, காய வைக்கிற காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேட்டி மஞ்சள், விரல் மஞ்சள், வாசற்படி மஞ்சள். களத்தில் நடந்தபோது கந்தப்ப அண்ணனின் செருப்புக்குள் காய்ந்த மஞ்சள் சில் ஒன்று புகுந்துவிட்டது. காய்ந்த மஞ்சள் எவ்வளவு கடினம்! உங்களுக்கோ எனக்கோ என்றால் மறு அடியில் செருப்பைக் கழற்றி உதறியிருப்போம். சர்க்கரை நோய் பல வருடமாகப் பாதத்தின் உணர்ச்சியைத் தின்று வைத்திருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சில்லின் மேலேயே பகல் முழுவதும் நடந்தார். பெருவிரலுக்குக் கீழே புண் விழுந்தது. கட்டுப்பாடில்லாமல் ஏறியிருந்த சர்க்கரை அந்தப் புண்ணை ஆற விடவில்லை.

வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். எப்படித் தெரியும்? அந்தப் பருவத்தில் யார் கால் மஞ்சளாக இல்லை? சிவந்திருந்தாலும் கறுத்திருந்தாலும் எல்லாம் மஞ்சளுக்கு அடியில் மறைந்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியாதது மூக்குக்குத் தெரிந்தது. அவர் மனைவி ராசாத்தாள் அக்கா, "ஊட்டுக்குள்ள எங்கியோ எலி செத்துக் கெடக்குதாட்ட இருக்குது" என்று மூட்டைகளை எல்லாம் நகர்த்தித் தேடினார். கட்டிலுக்குக் கீழே தேடினார். எலி கிடைக்கவில்லை. களைத்துப்போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தபோதுதான் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. தாய்மார்களே, அந்த நொடியை நினைத்துப் பாருங்கள்.

மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் லாஸ்யா காலைப் பார்த்தார். ஒளிக்காமல் சொன்னார்: "கணுக்கால் வரைக்கும் எடுக்க வேண்டி வரலாம். காப்பாத்த முடியுமான்னு பார்க்கறோம். முதல்ல சர்க்கரை இறங்கணும்."

ராசாத்தாள் அக்கா அழவில்லை. "களத்துல நடக்காம அவரு எப்பிடீங்க டாக்டர் இருப்பாரு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த மருத்துவப் புத்தகத்திலும் பதில் இல்லை.

நான் பார்க்கப் போனேன். கால் கட்டுக்குள் இருந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்ததும், "அந்த ஆராய்ச்சி எங்கீங்க அம்மணி இருக்குது? தலப்பு வேண்டாம். உள்ள இருக்கறது வேணும்" என்றார். மறுநாள் அந்தச் செய்திக்கு மூலமான ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்ல, மண்டியில் மூட்டைக்கு முன்னால் குந்துகிற கந்தப்பன் அந்தக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"மாதிரி எதுல எடுத்தாங்க?"

"எலிங்கண்ணா."

"மனுசங்க?"

"ஒருத்தருமில்லைங்க."

"எலிதான் எத்தன?"

"ஒரு கூடைக்குள்ள அடங்கீருமுங்க."

"அதுகளுக்கு நம்ம மஞ்சத்தூளுதான் குடுத்தாங்களா?"

"இல்லைங்கண்ணா. மஞ்சள்ல இருந்து ஒரு சத்துப் பொருள மட்டும் தனியாப் பிரிச்சுக் குடுத்திருக்கறாங்க. எலி எடைக்கு அவங்க குடுத்த அளவ உங்க எடைக்குக் கணக்குப் போட்டா, நீங்க தண்ணீல கலக்கற தூளெல்லாம் எந்த மூலைக்குங்க."

"எலிக்குச் சக்கர போயிருச்சா?"

"கொஞ்சம் கொறைஞ்சிருக்குது. போயிருச்சுன்னு அவங்க எழுதவே இல்லைங்க. மனுசங்க கிட்ட இன்னும் சோதிச்சுப் பாக்கோணும்னு கடைசியில அவங்களே எழுதியிருக்கறாங்க."

கட்டுரையை வாங்கி மடித்துக் கட்டிலில் வைத்தார். பிறகு சொன்னார், இந்த மண்டபத்தில் நான் எத்தனை அலங்காரமாகப் பேசினாலும் அந்த ஒரு வாசகத்துக்கு ஈடாகாது. "ஒரு துண்டு மஞ்சளக்கூட ஒடைச்சுப் பாக்காம வாங்குனதில்லீங்க அம்மணி. இத அப்பிடியே முழுங்கிப்போட்டேன்."

ராசாத்தாள் அக்கா ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஊடு பூரா எலியத் தேடுனேன். அது அந்தச் செய்திக்குள்ள இருந்திருக்குது" என்றார். அந்த வேதனையிலும் மூவரும் சிரித்துவிட்டோம்.

பெருமக்களே! யார் பொய் சொன்னார்கள்? ஆய்வாளர்களா? அவர்கள் எலி என்றுதான் எழுதினார்கள். மஞ்சளா? அது பாவம், வாயில்லாத ஜீவன். ஆய்வில் "சிறிது குறைந்தது" என்று இருந்தது. பத்திரிகைகளுக்கு அனுப்பிய அறிக்கையில் "குறைந்தது" ஆனது. செய்தியில் "குணமானது" ஆனது. தலைப்பில் சமாதியே கட்டியாயிற்று! கை மாறக் கை மாற ஒருவர் கொஞ்சம் மெருகு போட்டார், அடுத்தவர் இன்னும் கொஞ்சம் போட்டார். எலி எங்கோ வழியில் தொலைந்துபோனது. "மனிதர்களிடம் சோதிக்க வேண்டும்" என்ற கடைசி வரியும் தொலைந்துபோனது. தொலையாமல் வந்து சேர்ந்தது ஆச்சரியக்குறி மட்டும்தான்.

பயமுறுத்துகிற தலைப்பும் இதே கதைதான். "ஆபத்து இரு மடங்கு" என்று அலறும். எதில் இருந்து எதற்கு இரு மடங்கு? ஆயிரம் மூட்டையில் ஒன்று கெட்டுப்போவது இரண்டானாலும் இரு மடங்குதான். பாதி மண்டி கெட்டுப்போவது முழு மண்டியானாலும் இரு மடங்குதான். முதலாவதுக்கு நீங்கள் கடையைப் பூட்டுவீர்களா? மடங்கைச் சொன்னவனிடம், "மூட்டை எத்தனங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

யாரது, தூணுக்குப் பக்கத்தில்? "எல்லாரும் ஆராய்ச்சியப் படிக்க முடியுமா"ன்னு கேக்கறீங்களா தம்பி? நல்ல கேள்வி. முடியாதுங்க. எனக்கே பாதி புரியாது. ஆனால் உடைக்கிறதுக்குப் பட்டம் வேண்டுமா? யாரிடம் சோதித்தார்கள், எத்தனை பேர், சோதித்த பொருளைத் தராமல் விட்டவர்களுக்கு என்ன ஆனது, இந்தச் செய்தியால் எவருடைய சரக்கு விற்கும், இவ்வளவுதான் கேள்வி. கந்தப்ப அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கேட்ட மாதிரிக் கேளுங்கள். செய்தியில் விடை இல்லையா? அந்த மூட்டையைத் தொடாமல் அடுத்த மூட்டைக்குப் போய்விடுங்கள். மண்டியில் அப்படித்தானே செய்கிறீர்கள்? மாத்திரையை நிறுத்தத் தோன்றினால் மட்டும், மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்தாதீர்கள். தலைப்பு எழுதியவர் உங்கள் காலைப் பார்த்ததில்லை.

அண்ணனின் கால் என்ன ஆனது என்று கேட்கிறீர்கள். முன்வரிசைப் பெரியவர்கள் முகத்தில் தெரிகிறது.

மாத்திரையை அவர் மறுக்கவில்லை. ஊசிக்கும் கை நீட்டினார். சர்க்கரை இறங்கியது. பெருவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்தார்கள். பாதம் தப்பியதா என்று தெரியாமல் ராசாத்தாள் அக்கா ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலைப் பொழுதில் மருத்துவர் லாஸ்யா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இனி எடுக்க வேண்டியதில்லைங்கம்மா" என்றார். அப்போதுதான் அக்கா அழுதார்.

அதற்குப் பிறகு அண்ணனிடம் இரண்டு வழக்கங்கள் வந்திருக்கின்றன. செருப்பைத் தலைகீழாகத் தட்டாமல் போடுவதில்லை. யாராவது மருத்துவச் செய்தியோடு கைப்பேசியை நீட்டினால், "ஒடைச்சுப் பாத்தயா?" என்று கேட்காமல் வாங்குவதில்லை. மண்டியில் இப்போது பல பேர் வாயில் அந்தக் கேள்வி இருக்கிறது. என் மாமியாரும் அனுப்புவதற்கு முன்னால் பக்கத்து அறைக்கு வந்து கேட்கிறார். எனக்குக் காலைத் தூக்கம் திரும்பக் கிடைத்திருக்கிறது.

கந்தப்ப அண்ணா! வாசல் பக்கம் ராசாத்தாள் அக்காவோடு உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாங்கண்ணா. மேடைக்கு வாங்க. தலைவர் ஐயா எனக்குப் போர்த்த வைத்திருக்கிற பொன்னாடையை உங்களுக்குப் போர்த்தச் சொல்லப் போகிறேன்.

வருகிறார் பாருங்கள். தம்பிகளே, கொஞ்சம் வழி விடுங்கள். அவசரமில்லைங்கண்ணா, மெதுவா வாங்க. படி இருக்குது, பாத்து. கை கொடுக்க வேண்டாம் என்கிறார், விட்டுவிடுங்கள். கைதட்டுங்கள் பெருமக்களே, நன்றாகக் கைதட்டுங்கள்!

இதோ நிற்கிறார். தன் காலில் நிற்கிறார். நாளைய பேப்பரில் இதற்கு ஒரு தலைப்புப் போட வேண்டும் என்றால் என்ன போடுவார்கள்? "மஞ்சள் வியாபாரி மாத்திரை சாப்பிட்டார், நடந்து வந்தார்." இதை யார் போடுவார்கள்? யார் படிப்பார்கள்? இதில் வியப்பும் இல்லை, ஆச்சரியக்குறியும் இல்லை. ஆனால் உடைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு கால் இருக்கிறது, களத்தில் நடக்கிற கால். ராசாத்தாள் அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது.

அண்ணா, மைக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்னங்கண்ணா? பேச வரவில்லை என்கிறார். "சோத்துக்கு முன்னாடி மாத்திர போடறவங்கெல்லாம் இப்பவே போட்டுக்கச் சொல்லுங்க அம்மணி" என்கிறார். கேட்டீர்களா? என் பேச்சு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பைகள் திறக்கிற சத்தம் கேட்கிறது. மாமி, உங்களதும் போடுங்க.

அழைத்துப் பெருமை செய்த தலைவர் ஐயாவுக்கும், பசியைப் பொறுத்துக்கொண்டு கேட்ட பெரியோர்களுக்கும், பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், தன் பெயரையும் தன் வலியையும் நமக்காகத் தந்த கந்தப்ப அண்ணனுக்கும் ராசாத்தாள் அக்காவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் நல்லா இருங்க. பந்திக்குப் போகலாம் வாங்க. வணக்கம்.